ஏற்காட்டு ராத்திரிக்கு எந்த கேங்ஸ்டர் படம்?

வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேலத்திலிருந்து கிளம்பி ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்குவோம். நாகலூர்ப் பக்கம் நண்பர் ஒருவருக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், அதற்குள் ஓடு போட்ட பழைய வீடு. சாப்பாடு, சீட்டு, அரட்டை எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் ஒரு படம். சுவரில் வெள்ளைப் பெட்ஷீட், ஸ்டூல் மேல் புரொஜெக்டர். ஒரே ஒரு படம்தான். இரண்டாவது படத்துக்கு யாரும் விழித்திருந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த வருஷம் கேங்ஸ்டர் படம் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது. எந்தப் படம் என்பதில்தான் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் அடிதடி. கடைசியில் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சரி, யாரும் அப்புறம் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எப்படி யோசித்தேன் என்பதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு சொந்தக் கதை. படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

அப்பா போனபிறகு ஊரில் இருக்கிற துண்டு நிலத்துக்குப் பட்டா பெயர் மாற்ற மனு கொடுத்தேன். எட்டு மாதம் ஆகிறது. பதினொரு தடவை நடந்திருக்கிறேன். ஒரு நாள் ஆள் லீவு, ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை, ஒரு நாள் வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயருக்கு ஒரு கால் அதிகமாக விழுந்திருக்கிறது. பதினொன்றாவது தடவை அக்கா பையனும் கூட வந்தான்; காலேஜில் இரண்டாம் வருஷம். வெளியே டீக்கடையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஒருத்தர் இருக்காருங்க. ஒரு வார்த்தை சொன்னா ஒரே வாரத்துல கைக்கு வந்துடும்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியில் வரும்போது பின்னாலிருந்து பையன் கேட்டான்: "ஏன் மாமா, போய்க் கேட்டிருக்கலாம்ல?"

பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அந்த டீ ஆறுகிற நேரத்துக்குள் நானும் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அரையிருட்டான ஒரு அறை. அதில் ஒரு நாற்காலி. அதில் ஒரு ஆள். நான் நின்றுகொண்டு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர் குறுக்கே பேசாமல் கேட்கிறார். எட்டு மாதத்தில் நான் சொன்னதை யாரும் கடைசி வரைக்கும் கேட்டதில்லை. கற்பனையில்தான் அது நடந்தது. அதுவே சுகமாக இருந்தது.

கேங்ஸ்டர் படங்களுக்கு ஏன் மவுசு குறைவதே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துப்பாக்கிக்காக யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை என்பது என் கட்சி. துப்பாக்கி போலீஸ் படத்தில் இருக்கிறது, ராணுவப் படத்தில் வண்டி வண்டியாக இருக்கிறது. இந்தப் படங்களில் இருப்பது அந்த நாற்காலி. வரிசையில் நின்று நின்று கால் கடுத்தவனைக் கூப்பிட்டு, "என்ன வேணும், சொல்லு" என்று கேட்கிற ஓர் ஆள். நம் கிராமத்துப் படங்களில் ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்திருப்பவரும் அதே வேலையைத்தான் பார்க்கிறார். ஆனால் அவருக்கு அந்த இடம் அப்பன் பாட்டன் வழியில் வந்தது. இவன் சம்பாதித்தது, அதுவும் ஒன்றுமில்லாமல் வந்து சம்பாதித்தது. அதனால்தான் இவன் மேல் இன்னும் கொஞ்சம் ஆசை.

ஆக, என் அளவுகோல் இதுதான். ஒவ்வொரு படத்திலும் தாதாவை விட்டுவிட்டு, மனு கொடுக்க வந்தவனைப் பின்தொடர்ந்து போவது. அவன் காரியம் நடந்ததா? பில் எப்போது வந்தது? யார் கட்டினார்கள்? பையனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதற்குள் எங்கேயோ இருக்கிறது.

இதோடு சில்லறை நிபந்தனைகளும் உண்டு. புரொஜெக்டர் சுமார் ரகம், இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும் என்பது நண்பரின் நம்பிக்கை, அனுபவம் இல்லை. அக்கா வருகிறாள். அக்கா வீட்டுக்காரர் வருகிறார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க மாட்டார்.

சீக்கிரம் தள்ளக்கூடியவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். குழுவில் அதிக ஓட்டு வாங்கியது 'பாட்ஷா'. 1995இல் வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மனு கொடுத்த யாருக்கும் அதில் பில் வருவதே இல்லை, தர்மசத்திரம். ஆட்டோக்காரராக இருக்கிறவர் யார் என்று தெரிகிற நிமிஷத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நடுவில் எழுந்து ஆம்லெட் போட்டுவிட்டு வந்தாலும் எதுவும் தவறிப்போகாத படத்துக்கு மலை ஏறுவானேன். அடுத்தது 'புதுப்பேட்டை'. 2006இல் வந்தபோது பேசப்பட்டதைவிட இப்போது அதிகம் பேசப்படுகிற படம். கொக்கி குமார் எந்த நாற்காலியின் முன்னாலும் போய் நின்று நியாயம் கேட்பதில்லை. பிழைத்துக் கிடக்கவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கிறது. செல்வராகவன் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஆனாலும் அந்தப் படம் முடிந்ததும் அக்கா யாரோடும் பேசாமல் படுக்கப் போய்விடுவாள். ராத்திரி கெட்டுவிடும்.

பழைய அமெரிக்கப் படம் ஒன்று போடலாம் என்று நானே ஒரு யோசனை வைத்திருந்தேன், 1932இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்'. ஒன்றரை மணி நேரம், இன்வெர்ட்டருக்குப் பாரமில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச்சரக்குப் பணத்தில் சிகாகோ போன்ற ஊர்களில் கும்பல்கள் கொழுத்தன, அந்தச் செய்தித்தாள் சூட்டிலேயே படங்களும் பிறந்தன. ஹாலிவுட் தணிக்கையாளர்கள் அரண்டுபோனார்கள். 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்கு 'தேசத்தின் அவமானம்' என்று துணைத்தலைப்பு ஒட்டவைத்து, நாயகனைத் தூக்கில் போடுகிற மாதிரி இன்னொரு முடிவும் எடுக்கவைத்தார்கள். 1934இல் தணிக்கை விதிகளை இறுக்கிப் பிடித்தபின் அந்த மாதிரி படங்களே கொஞ்ச காலம் அடங்கிப்போயின. தொந்தரவு என்னவென்றால், கடைசி ஐந்து நிமிஷத்தில் அவன் செத்தாலும், அதற்கு முந்தைய எண்பது நிமிஷம் அவன் புதுச் சட்டை, புதுக் கார் என்று ஏறிக்கொண்டே போனதுதான் ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது. எண்பது பெரிதா ஐந்து பெரிதா?

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம்மூர் ஞாபகம் வந்தது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, தான் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ஊரிலிருந்தே ஆரம்பித்தார். அதே 1937இல்தான் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதல் படமான 'சதி அகல்யா'வை வெளியிட்டது. ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் அந்த நுழைவு வளைவைப் பார்க்காமல் போக முடியாது, இன்றும் நிற்கிறது. மதுவிலக்கு ஒரு பக்கம், சினிமா ஸ்டூடியோ ஒரு பக்கம். சிகாகோவையும் ஹாலிவுட்டையும் ஒரே ஊருக்குள் வைத்த மாதிரி! ஆனாலும் அந்தக் காலத்துச் சேலத்தில் ஒரு கேங்ஸ்டர் படம் பிறக்கவில்லை. பெரும்பாலும் புராணமும் ராஜா ராணியும்தான் வந்தன.

ஏன் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது. கேங்ஸ்டர் படத்துக்கு, "நீ யார் வீட்டுப் பையன்?" என்று யாரும் கேட்காத ஊர் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒருத்தன் புதுச் செருப்பு போட்டால் சாயங்காலத்துக்குள் அவன் அப்பாவுக்குச் செய்தி போய்விடும். அங்கே எவனும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆளாக மாற முடியாது. நம் நாயகர்கள் பம்பாய்க்கு ரயில் ஏறியது அதனால்தான். 'ஸ்கார்ஃபேஸ்' பற்றிச் சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன். அதை நான் தள்ளிய காரணம் சுருக்கமானது. அதில் ஏறுகிறவன் மட்டும் இருக்கிறான். அவன் முன்னால் வந்து நிற்கிறவன் இல்லை. என் கேள்விக்கு உதவாது.

அப்புறம் மிச்சமிருப்பவை ஐந்து. அதில் நான்காவதை முழு வேட்பாளர் என்று சொல்ல முடியாது, ஆனால் அதை விடவும் மனசில்லை.

'காட்ஃபாதர்' ஆரம்பிப்பதே ஒரு மனுவில்தான். 1972இல் கொப்போலா எடுத்தது, மரியோ பூசோவின் நாவல். திரை முழுக்க இருட்டு, ஒரு முகம். பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் தொழில் செய்கிற பொனசேரா பேசுகிறார். மகளை இரண்டு பையன்கள் அடித்துச் சிதைத்துவிட்டார்கள். நல்ல குடிமகனாகப் போலீசுக்குப் போனேன். கோர்ட்டில் தண்டனை கொடுத்து அதை நிறுத்தியும் வைத்து, அன்றைக்கே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேமரா மெல்ல மெல்லப் பின்னால் வருகிறது. அவர் சொல்லி முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் வாய் திறப்பதில்லை. டீக்கடையில் நான் கண்ட கனவை எனக்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

பில்? "ஒரு நாள் உன்னிடம் ஓர் உதவி கேட்பேன், அந்த நாள் வராமலேகூடப் போகலாம்" என்கிறார் டான். பொனசேரா படம் முழுக்க அந்த நாளுக்குப் பயந்துகொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன், நமக்குக் காட்டுவதில்லை. கடைசியில் அந்த நாள் வருகிறது. சல்லடையாகத் துளைக்கப்பட்டுக் கிடக்கும் மூத்த மகனின் உடலை, தாய் பார்க்கிற மாதிரி சரிசெய்து கொடுக்கச் சொல்கிறார் கிழவர். அவ்வளவுதான். தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற நியாயமான வேலை. பார்க்கிறவன் கண் கலங்கி, இந்த மாதிரி ஒருத்தருக்குக் கடன்பட்டால்தான் என்ன என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவான். படத்தில் 'மாஃபியா' என்ற சொல்லே வராது; இத்தாலிய அமெரிக்கர்களின் அமைப்பு ஒன்று ஆட்சேபித்ததால் தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டு எடுத்துவிட்டார். சொல் போனது படத்துக்கு நல்லதாகப் போயிற்று. கும்பல் மறைந்து குடும்பம் மட்டும் கண்ணில் நின்றது. மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு, அலுப்புத் தட்டாது. ஆனால் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் விளக்கை உச்சியில் தொங்கவிட்டு, டானாக நடித்த பிராண்டோவின் கண்களையே நிழலில் வைத்த படம் இது. தியேட்டரில் அது வித்தை. எங்கள் பெட்ஷீட்டில் கறுப்புப் போர்வை போர்த்தின மாதிரி இருக்கும்.

'நாயகன்' என்று சொன்னதும் அக்கா கை தூக்கிவிட்டாள். 1987 தீபாவளிக்கு வந்தது. மணிரத்னம், கமல்ஹாசன், பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி, இளையராஜாவுக்கு 400ஆவது படம். நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் என்று மூன்று தேசிய விருது. தாராவித் தமிழர்கள் நடுவில் பெரிய கையாக இருந்த வரதராஜ முதலியாரின் சாயலில் எழுதப்பட்டது, ஆனால் அந்தத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புதிதாகப் பட்டது. குடிசைகளை இடிக்க ஆள் வருகிறார்கள். வேலு போய் அந்தச் சேட்டின் பங்களாவில் கண்ணாடி, சாமான் எல்லாவற்றையும் உடைத்து நொறுக்கிவிட்டு, வீடு போனால் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு வருகிறான். தியேட்டரில் விசில் பறந்த இடம். குடிசைக்காரர்களுக்கு அதற்கு என்ன பில் வந்தது? ஒன்றுமில்லை. மொத்தத் தொகையையும் வேலுவே கட்டுகிறான். மனைவி போகிறாள், மகன் போகிறான், மகள் வீட்டை விட்டே போகிறாள். முன்பு அவன் கொன்ற போலீஸ்காரரின் பிள்ளை, அவனே பணம் கொடுத்து ஆதரித்த பிள்ளை, கடைசியில் அவனைச் சுடுகிறான். கணக்கு நேராகிவிடுகிறது, வாசலில் நிற்கிற ஜனங்கள் சுத்தமாக இருக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் படத்தை இவ்வளவு பேர் நெஞ்சில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நமக்காக ஒருத்தன் பாவத்தைச் சுமக்கிறான், நாம் கைகூப்பி நின்றால் போதும். பேரன் கேட்கிற 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' என்ற கேள்விக்கு அவன் தெரியவில்லை என்கிறான். அந்தக் கேள்வியை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற படம். சப்டைட்டில் தொல்லை இல்லை. எல்லோரும் கூடவே வசனம் சொல்வார்கள், மகள் அப்பாவிடம் நியாயம் கேட்கிற இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ராத்திரிக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு கிடையாது. ஆனால் பையனுக்கு? "அப்படி ஒருத்தர் இருந்தா நல்லதுதானே மாமா" என்பான். பதிலுக்கு நான் என்ன சொல்வது, மகளை நினைத்துப் பார் என்றா? அவனுக்குப் பத்தொன்பது வயசு.

'வட சென்னை' அந்த வகையில் கொஞ்சம் கறாரான படம். வெற்றிமாறன் 2018இல் எடுத்தது. குப்பத்து ஜனங்களைக் கிளப்பப் பார்க்கிற திட்டம் ஒன்று வருகிறது, அவர்கள் ராஜனிடம் நிற்கிறார்கள், அவன் குறுக்கே நிற்கிறான். அவன் வளர்த்துவிட்ட ஆட்களே அவனை வெட்டுகிறார்கள். அதற்கப்புறம் நாற்காலி காலி. குணா, செந்தில் என்று ஆளாளுக்கு அதைச் சுற்றி வருகிறார்கள், ஆனால் உட்கார்ந்து யாருடைய குறையையும் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. கேரம் ஆடிக்கொண்டிருந்த அன்பு நடுவில் மாட்டிக்கொள்கிறான். ஜனங்கள் பில் கட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் மனு கொடுத்த ஆள் செத்துப் பல வருஷம் ஆகிறது. இதை நினைத்தால் உண்மையில் எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

நடைமுறையில் இரண்டு சிக்கல். காலம் முன்னும் பின்னும் தாவும். ஒருத்தர் வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தால், "இவன் இன்னும் சாகலையா?" என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல நால்வர் கிளம்புவார்கள், படம் போய்விடும். இரண்டாவது, கெட்ட வார்த்தை. அக்காவை வைத்துக்கொண்டு தமிழில் அந்த வார்த்தைகளைக் கேட்க எங்களால் முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். கதையும் முடிவுக்கு வராமல் அடுத்த பாகத்தைப் பார்த்து நிற்கிறது.

இந்த இடத்தில் பழைய பட ஆசாமி ஒருவர் குழுவில் போட்ட வெடியைச் சொல்ல வேண்டும். "நம்மூர்ப் படத்தை விட்டுட்டு எங்கெங்கயோ தேடறீங்களே" என்று 'மந்திரி குமாரி'யை எடுத்துப் போட்டார். 1950, மாடர்ன் தியேட்டர்ஸ், மு. கருணாநிதி வசனம். எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜகுருவின் மகன் பார்த்திபன், பகலில் பெரிய வீட்டுப் பிள்ளை, ராத்திரியில் கொள்ளைக் கூட்டத் தலைவன். கொள்ளையடிப்பது ஒரு கலை என்று வாதாடுவான். கதாநாயகன் எம்.ஜி.ஆர்.; ஆனால் படத்தில் ஊர் இன்றைக்கும் முணுமுணுக்கிற 'வாராய் நீ வாராய்' கிடைத்தது இந்தக் கொள்ளைக்காரனுக்கு. அவன் அதைப் பாடிக்கொண்டே மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான், தள்ளிவிட. அவள் கடைசியாக ஒரே ஒரு மனு வைக்கிறாள்: உங்களை மூன்று தடவை வலம் வந்துவிட்டுச் சாகிறேன். மூன்றாவது சுற்றில் தள்ளுகிறாள். நான் தேடிய படங்களில் மனு கொடுத்தவள் ஜெயித்த ஒரே படம் இதுதான்.

கதை சேலத்துடையது இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியுடையது. நூலில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்காமல் போய்விட்டது, கதை மட்டும் தப்பி வந்திருக்கிறது. கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படுகிற கள்வனை ஒரு வணிகர் மகள் மாடியிலிருந்து பார்க்கிறாள், பார்த்ததுமே மனசைப் பறிகொடுக்கிறாள். அப்பா காசு கொடுத்து மீட்டுக் கட்டிவைக்கிறார். பிறகு மலை, வலம், தள்ளல். கள்வன் மேல் வருகிற ஆசைக்குச் சினிமா தேவைப்படவில்லை, ஒரு மாடியும் ஒரு தெருவும் போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் பையன் இதைப் பத்து நிமிஷம் தாங்க மாட்டான். ராஜா ராணி உடுப்பைப் பார்த்ததும் ஃபோனை எடுத்துவிடுவான். விட்டுவிட்டேன், வருத்தத்தோடுதான்.

மாடியிலிருந்து பார்ப்பது என்றதும் 'குட்ஃபெல்லாஸ்' ஞாபகம் வந்துவிடுகிறது. 1990, மார்ட்டின் ஸ்கோர்செசி. ஹென்றி ஹில் என்ற நிஜ ஆளின் கதை, நிக்கலஸ் பிலெஜி எழுதிய புத்தகத்திலிருந்து. சின்னப் பையன் ஹென்றி வீட்டு ஜன்னலில் நின்று எதிர்ப்புறம் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற கும்பலைப் பார்க்கிறான். நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த மாதிரி ஆகத்தான் ஆசை என்கிறான். ஏன் என்று அவனே பட்டியல் போடுகிறான், அதில் கொலை கிடையாது. ஸ்கூலிலிருந்து வரும் கடிதம் வீட்டுக்கு வராமல் தபால்காரரை மிரட்டிவைக்கிறார்கள். அம்மாவின் மளிகைப் பையைத் தெருப் பையன்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வளர்ந்த பிறகு, பிரியப்பட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோப்பகபானா என்ற கிளப்புக்குப் போகிறான். வாசலில் நீளமாக வரிசை. இவன் தெருவைக் கடந்து பக்கவாட்டுக் கதவில் நுழைகிறான், படிக்கட்டு, நடை, சமையலறை என்று கேமரா வெட்டே இல்லாமல் பின்னாலேயே போகிறது, உள்ளே போனதும் எங்கிருந்தோ ஒரு புது மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் போடுகிறார்கள். சினிமாப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிற ஷாட். எனக்கு அதில் தெரிவது ஒன்றே ஒன்று: அவன் வரிசையில் நிற்கவில்லை.

இந்தப் படத்திலும் ஒரு மனுதாரர் வருகிறார். ஹோட்டல் வைத்திருப்பவர். கும்பலில் ஒருத்தன் வருஷக்கணக்காகக் கடன் சொல்லிச் சாப்பிடுகிறான், கேட்டால் மண்டையை உடைக்கிறான். அவர் தலைவரிடம் போய், நீங்களே என் ஹோட்டலில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். தலைவர் ரொம்பவும் தயங்கி, எனக்கு ஹோட்டல் தொழில் என்ன தெரியும் என்றெல்லாம் சொல்லி ஒத்துக்கொள்கிறார். அன்றிலிருந்து அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, தலைவர் பார்த்துக்கொள்வார். ஆனால் வாரா வாரம் காசு போய்ச் சேர வேண்டும். வியாபாரம் இல்லையா, காசைக் கொடு. தீப்பிடித்துவிட்டதா, காசைக் கொடு. ஹோட்டல் பேரில் கடனுக்குச் சரக்கு வாங்கி முன்வாசலில் இறக்கி, பின்வாசல் வழியாகப் பாதி விலைக்கு விற்கிறார்கள். இனி உறிஞ்ச ஒன்றுமில்லை என்றதும் இன்ஷூரன்ஸுக்காகக் கடைக்கே தீ வைக்கிறார்கள். மொத்தமும் சில நிமிஷம்தான். பில்லை யார் கட்டுகிறார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஹென்றிக்கு என்ன தண்டனை? கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அரசாங்கப் பாதுகாப்பில் வேறு பெயரில் ஏதோ ஓர் ஊரில் உயிரோடு இருக்கிறான். வீடு இருக்கிறது, வாசலில் பேப்பர் விழுகிறது. கடைசியில் அவன் புலம்புவது என்ன தெரியுமா? நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை, மற்றவர்களைப் போல நானும் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது இந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. பதினொரு தடவை நடந்தபிறகு பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் இருக்கிற இடம்தான் அவனுக்கு ஜெயில்.

ஆகவே 'குட்ஃபெல்லாஸ்'. இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம், இன்வெர்ட்டர் தாங்கும். வெளிச்சமான படம், பெட்ஷீட்டில் தெரியும். கெட்ட வார்த்தை 'வட சென்னை'க்குச் சளைத்ததில்லை, ஆனால் இங்கிலீஷில் வருவதால் யாருக்கும் கூச்சம் வராது. அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அப்படித்தான். ரத்தம் வருகிற மூன்று இடத்தில் அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சப்டைட்டில் பிரச்சினைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். பையன் அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வியாபாரம் இல்லையா, காசைக் கொடு என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். அவன் அப்பாவும் பட்டறை நடத்துகிறவர், அந்த ஹோட்டல்காரர் மாட்டுவது அவருக்குச் சட்டென்று புரியும், ஏதாவது கேட்பார், பையன் விளக்குவான். எனக்கு வேலை மிச்சம்.

படத்துக்கு முன்னால் 'காட்ஃபாதர்' முதல் காட்சியை மட்டும் போடப் போகிறேன், பொனசேரா பேசி முடித்துக் கையை முத்தமிடுகிறவரை. கறுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முகம் ஒன்றுதானே. 'நாயகன்' கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வருஷம் கேள்வியே இல்லாமல் அதுதான். அக்காவிடம் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. தட்டுவடை செட்டுக்கு வேண்டியதைக் கீழேயே கட்டிக்கொள்ள வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் அந்தச் சட்னி கிடைக்காது.

ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடுவோம். திங்கட்கிழமை பன்னிரண்டாவது தடவை. பத்து மணிக்கு முன்னால் போனால்தான் முதல் இருபது டோக்கனுக்குள் வரலாம். பையன் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.